சிவப்பு லைட்டுக்கு மூணு நம்பர்

நில்லுங்க, நில்லுங்க. அந்தப் பக்கம் போகாதீங்க. அதோ வளைவுல ஒரு கம்பம் தெரியுதுல்ல, உச்சியில சிவப்பா மினுக்குதே, அது எரிஞ்சா யாரும் உள்ள போகக்கூடாது. யானை நிக்குதுன்னு அர்த்தம். எங்க நிக்குதுன்னு லைட்டு சொல்லாது. பக்கத்துல எங்கயோ நிக்குது, அவ்வளவுதான். வாங்க, இப்படி பஸ் ஸ்டாப்புக்குள்ள வந்து உட்காருங்க. பையை இந்த மூலையில வைங்க, அங்க ஒழுகும்.

யாரு வீட்டுக்கு வந்தீங்க? ஓ, ஸ்கூலுக்கா. புது டீச்சரா நீங்க. இன்னைக்குத்தான் சேரணுமா? அடப்பாவமே, முதல் நாளே இப்படி மாட்டிக்கிட்டீங்களே. கவலைப்படாதீங்க, எஸ்டேட்டுல யானைன்னு சொன்னா எந்த ஹெட்மாஸ்டரும் எதிர்த்துப் பேச மாட்டாரு. என் பாடுதான் திண்டாட்டம். காலையில அரை நாள் லீவு போட்டேன், ரெண்டு மணிக்கு நான் பாக்டரியில இருக்கணும். புது வேலை, மூணு மாசம் பாத்துட்டு சொல்றோம்னு எடுத்தாங்க. அந்த மூணு மாசம் இன்னைக்கு முடியுது. வேலை உண்டா இல்லையான்னு இன்னைக்குச் சொல்லுவாங்க. அவங்க சொல்றதுக்குள்ள எனக்குப் பொறுக்கல, டவுனுக்குப் போயி அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வந்துட்டேன். எடுத்துக்கோங்க டீச்சர். இல்ல, எடுத்துக்கோங்க. யானைக்கு இனிப்பு வாசனை ரொம்ப தூரத்துக்குத் தெரியும். நாமளே தின்னுட்டா வம்பில்ல.

என் பேரு மரகதம். நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். உள்ள போனீங்கன்னா ‘லைட்டு மரகதம்’னு சொன்னாத்தான் தெரியும். அந்த லைட்டை இத்தனை நாளா போட்டவ நான்தான்.

ஆமா, நானேதான். கரண்டு ஆபீசுன்னு நினைச்சீங்களா? அதெல்லாம் இல்ல. அந்தக் கம்பத்துல ஒரு பெட்டி இருக்கு, அதுக்குள்ள ஒரு சிம் கார்டு. நம்ம நம்பரை அதுல பதிஞ்சு வச்சிருப்பாங்க. நாம ஒரு மிஸ்டு கால் கொடுத்தா லைட்டு எரியும். இன்னொரு மிஸ்டு கால் கொடுத்தா அணையும். காசு கூட ஆகாது. யானையைப் பத்திப் படிக்கிற சாருங்க ரெண்டு பேர் வந்து வச்சுட்டுப் போனாங்க. அன்னைக்கு நாங்க வேலைக்குப் பேர் கொடுக்குற மஸ்டர் முன்னாடி எங்களை எல்லாம் கூட்டி வச்சு, இதைப் பாத்துக்க யாராவது முன்வரணும்னு கேட்டாங்க. நான் பட்டுன்னு கையைத் தூக்கிட்டேன். எதுக்கு? சம்பளம் கொடுப்பாங்கன்னு. சம்பளமெல்லாம் இல்லம்மா, இது சேவைன்னு அப்புறம்தான் சொன்னாங்க. அத்தனை பேரு பாக்கும்போது தூக்கின கையை எப்படி இறக்குறது? அப்படியே வச்சிருந்தேன். ஒரு தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தாங்க. விசிலை எங்க வீட்டுக்காரர் தொலைச்சுட்டாரு.

எங்க வீடு எஸ்டேட் லைன் வீட்டு வரிசையில கடைசி வீடு டீச்சர். பின்கதவைத் திறந்தா ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் சோலைக்காடு. யானை வந்தா முதல்ல எங்க வாழையைத்தான் பாத்துட்டுப் போகும். அதனால எனக்கு இது பொருத்தம்தான். ஆனா ஒண்ணு சொல்றேன், இது நேரம் பாத்து வர்ற வேலை இல்ல. ஒரு மாசம் ஒண்ணும் வராது. நம்மளை மறந்துடுச்சு போலன்னு நினைப்போம். அப்புறம் ஒரே நாள்ல காலையில சாயங்காலம்னு வந்து நிக்கும். சோத்துல கை வச்சா வரும். தலைக்கு எண்ணெய் வச்சு வெந்நி ஊத்தப் போனா வரும். பக்கத்து லைன்ல ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டிக் கிளம்பினேன், அன்னைக்கும் வந்துச்சு.

ஆனா பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. இருபது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவ நான். அத்தனை வருஷத்துல பீல்டு ஆபீசர் என்னை ஒரு தடவை பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. ‘ஏம்மா’தான். லைட்டு வந்த அடுத்த வாரமே ஜீப்பை நிறுத்தி, ‘மரகதம், மேல போலாமா?’ன்னு கேக்குறாரு. பஸ் கண்டக்டர் கேக்குறாரு. பால்காரர் கேக்குறாரு. சர்ச்சுக்குப் போறவங்க, கோயிலுக்குப் போறவங்க எல்லாரும் என்னைக் கேட்டுட்டுத்தான் போறாங்க. நானும் உடனே பதில் சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஓடைப் பக்கம் பாப்பேன். காத்து எந்தப் பக்கம்னு பாக்குற மாதிரி மூக்கை லேசாத் தூக்குவேன். அப்புறம், ‘ம், போலாம்’பேன். காத்துல எனக்கு ஒரு எழவும் தெரியாது. இருந்தாலும் மூக்கைத் தூக்குவேன்.

அந்த லைட்டுக்கு மூணு நம்பர் போடலாம்னு சாருங்க சொன்னாங்க. ஒருத்தர் இல்லாட்டி இன்னொருத்தர்னு. நல்ல யோசனைதான். முதல் நம்பர் என்னோடது. ரெண்டாவது நம்பர் என்னோட பழைய சிம். மூணாவது எங்க வீட்டுக்காரர் நம்பர். அவரு போன்ல எப்பவும் ரீசார்ஜ் இருக்காது. இருந்தாலும் போனைத் தண்ணித் தொட்டி மேல வச்சுட்டு ஊர் சுத்தப் போயிடுவாரு. என்ன சிரிக்கிறீங்க? மூணு நம்பர் கேட்டாங்க, மூணு நம்பர் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு புஷ்பலீலா அப்பவே கேட்டா. ‘அக்கா, என் நம்பரையும் போடுங்களேன், நான் எந்நேரமும் வீட்லதானே இருக்கேன்’னு. கேக்கத்தான் செஞ்சா. ஆனா அவளுக்குப் பக்குவம் பத்தாது டீச்சர். ஒரு நாள் காட்டுமாட்டைப் பாத்துட்டு யானை யானைன்னு கத்தி லைனையே கூட்டினவ அவ. மூடுபனியில மாடு பெருசாத்தான் தெரியும், இல்லேங்கல. இருந்தாலும் காட்டுமாட்டுக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாதவ கையில லைட்டைக் கொடுக்க முடியுமா? பாப்போம் லீலான்னு சொல்லி வச்சேன்.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கிட்டிருந்தப்பத்தான் முட்டி போச்சு. ரெண்டு முட்டியும். சரிவுல ஏறினா என் முட்டி சத்தம் பின்னாடி வர்றவளுக்குக் கேக்கும். டாக்டர் இனி மலை ஏறாதேன்னுட்டாரு. எஸ்டேட்டுல மலை ஏறாம என்ன வேலை இருக்கு? வேலை இல்லன்னா வீடும் இல்ல டீச்சர், அது உங்களுக்குத் தெரியாதுல்ல. லைன் வீடு வேலைக்காரங்களுக்குத்தான். எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆயாச்சு, என் பேருலதான் வீடு நிக்குது. நான் நின்னுட்டா சட்டி பானையைத் தூக்கிட்டுக் கீழ இறங்க வேண்டியதுதான். கீழ எங்களுக்கு யாரு இருக்கா? அந்த நேரத்துலதான் பாக்டரியில புதுசா பேக்கிங் செக்‌ஷன் ஆரம்பிச்சாங்க. நாற்காலியில உட்கார்ந்து டீத்தூள் பாக்கெட் ஒட்டுற வேலை. தலைக்கு மேல ஃபேன் சுத்தும். அட்டை கடிக்காது. நாற்காலின்னா சாதாரண நாற்காலி இல்ல, முதுகு வச்சது.

ஐசக் சார்தான் அந்த செக்‌ஷனுக்கு சூப்பர்வைசர். குரலை ஒசத்த மாட்டாரு, சிரிக்கவும் மாட்டாரு. சேர்ற அன்னைக்கு, ‘வேற ஏதாவது பொறுப்பு இருக்காம்மா? இடையில போகணும் வரணும்னு ஏதாவது?’ன்னு கேட்டாரு. ஒண்ணும் இல்ல சார்னேன். அப்படிச் சொல்லிட்டு வெளிய வந்தா கேட்டுல வாட்ச்மேன் ஒரு மரப்பெட்டியை நீட்டுறாரு. போனை இதுல போடுங்கம்மா, உள்ள போன் கொண்டு போகக்கூடாதுங்குறாரு. வளையல் கூடாது, பொட்டு கூடாது, பவுடர் கூடாது, போன் கூடாது. பொட்டை எடுத்தேன், வளையலைக் கழட்டினேன். போனைப் போடும்போது மட்டும் கை வரல டீச்சர். என் லைட்டை இல்ல அந்தப் பெட்டிக்குள்ள போடுறேன்.

அந்த யானைங்களுக்கு எப்படித்தான் தெரிஞ்சுச்சோ, நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே கூட்டமா வந்து இறங்கிடுச்சு. இப்ப நடந்ததைக் கேளுங்க. யானை வந்தா புஷ்பலீலா பாக்குறா. பாத்து எனக்கு போன் பண்றா. என் போன் கேட்டுல பெட்டிக்குள்ள இருக்கு. நான் அப்பப்ப சுண்டு விரலைக் காட்டி, ‘அவசரம் சார்’னு ஐசக் சார்கிட்ட சொல்லிட்டு ஓடி, வாட்ச்மேனுக்கு ஒரு வெத்தலை கொடுத்து, போனை எடுத்து, லீலா கூப்பிட்டிருக்காளான்னு பாத்து, லைட்டைப் போட்டுட்டு ஓடி வரணும். அப்புறம் அணைக்கிறதுக்கு இன்னொரு அவசரம். நேரா அவளே போட்டிருந்தா ஒரு நிமிஷ வேலை, தெரியும். எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. சொல்றது சுலபம்.

நாலஞ்சு நாள் பாத்துட்டு ஐசக் சார் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. வேலை போச்சுன்னு நினைச்சேன். ‘மரகதம், வீட்ல யாருக்காவது சுகர் இருக்கா?’ன்னாரு. எங்க அப்பாவுக்கு இருந்துச்சு சார்னேன். அது உண்மைதான். உடனே எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிட்டாரு. ரத்தம் எடுத்தாங்க, சுகர் இல்ல. இல்லன்னா மனுஷன் விட்டுடுவாரா? ‘அப்ப கிட்னியாத்தான் இருக்கும்’னு சொல்லி, மறுநாள்ல இருந்து வீட்ல வாழைத்தண்டு சாறு அடிச்சு பாட்டில்ல கொண்டு வந்து கொடுக்குறாரு. பக்கத்துல நின்னு குடிக்க வைக்கிறாரு. குடிச்சேன். ஒரு விஷயம் சொல்றேன், வாழைத்தண்டு சாறு குடிச்சா உண்மையிலேயே அவசரம் வரும். அதுக்கு அப்புறம் எந்த ஓட்டம் லைட்டுக்கு, எந்த ஓட்டம் சாறுக்குன்னு எனக்கே தெரியல.

இன்னொண்ணு எடுத்துக்கோங்க. நெய்யில செஞ்சது, ஒண்ணும் செய்யாது.

இந்த ஓட்டத்தைப் பாத்து மத்த பொம்பளைங்களும் ஒவ்வொருத்தரா அவசரம்னு கிளம்பி போன் பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஐசக் சார் என்ன செஞ்சாரு, பெட்டிக்குப் பூட்டைப் போட்டு சாவியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டாரு. பூட்டு போட்டது தெரியாம அன்னைக்கு நான் ஒரு வேலை பண்ணிட்டேன் பாருங்க, அதை நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு கூசுது. காலையில ஓடைக்கிட்ட யானை நின்னுச்சு. லைட்டைப் போட்டேன். பாக்டரி லாரி வந்துச்சு, ஏறிட்டேன். யானை போனதும் லீலா கூப்பிடுவா, நான் அவசரம் சொல்லி வந்து அணைச்சுடலாம்னு கணக்கு. கேட்டுக்கு வந்து பாத்தா பெட்டி பூட்டியிருக்கு. சார் எங்கன்னு கேட்டா, சாவியோட டவுனுக்கு மீட்டிங் போயிட்டாராம்.

அன்னைக்குப் பூரா லைட்டு எரிஞ்சுச்சு டீச்சர். யானை எப்பவோ மலை ஏறிடுச்சு. லைட்டு மட்டும் எரியுது. கொழுந்து பறிக்க ஒருத்தரும் போகல. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போகல. பால் வண்டி வரல. பறிக்காததால பாக்டரிக்கு இலை வரல. மத்தியானத்துல மெஷின் எல்லாம் நின்னு போச்சு. எங்க செக்‌ஷன்ல எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்து பேசுறாங்க. ‘இவ்வளவு நேரம் ஒரே இடத்துல நிக்குதே, ஏன்?’ன்னு ஒருத்தி. ‘கன்னு போட்டிருக்கும்’னு இன்னொருத்தி. நான் தலையில வலைத்தொப்பியை மாட்டிக்கிட்டு, பசையைக் கிண்டிக்கிட்டு, ‘இருக்கும் இருக்கும்’னேன். வேற என்ன சொல்றது?

சாயங்காலம் சார் வந்து பெட்டியைத் திறந்ததும் போனை எடுத்துக்கிட்டு லாரியில ஏறிட்டேன். வந்து இறங்கினா, டீக்கடை முன்னாடி எங்க வீட்டுக்காரர் நின்னு கதை சொல்லிக்கிட்டிருக்காரு. கன்னுக்குட்டியை இவரே பாத்தாராம். இத்தனூண்டு இருந்துச்சாம், தாய் காலுக்குள்ள நின்னுச்சாம், ஆண் கன்னாம். நான் முந்தானைக்குள்ள போனை வச்சு மிஸ்டு கால் கொடுத்தேன். லைட்டு அணைஞ்சுச்சு. ‘ஆங், கன்னைக் கூட்டிட்டுப் போயிடுச்சு’ன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க. லீலா பொங்கல் வச்சு ஓடைக்கரையில கொஞ்சம் போட்டுட்டு வந்தா. எனக்கும் ஒரு கிண்ணத்துல கொடுத்தா. சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு அந்த யானை சாருங்க கேமராவோட வந்துட்டாங்க, கன்னுக்குட்டியைப் படம் எடுக்க. சோலை பூரா தேடுனாங்க, சாணியைப் பிரிச்சுப் பாத்தாங்க. கடைசியில அதுல சின்னவர் என்கிட்ட வந்து மெதுவா, ‘அக்கா, அன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே கூட்டம் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சே, நாங்க பாத்தோமே’ன்னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. ஆனா லீலா கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தா.

அவ்வளவுதான். மறுநாள்ல இருந்து, ‘மரகதம் லைட்டா, அது சும்மாவும் எரியும்’னு பேச்சு. நான் போட்டாலும் ஆளுங்க அவங்க பாட்டுக்கு நடந்து போறாங்க. பீல்டு ஆபீசர் மறுபடி ‘ஏம்மா’ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாரு. எனக்குக் கோவம் தாங்கல. இத்தனை நாள் காப்பாத்தினதுக்கு இதுதான் மரியாதையான்னு வீட்ல புலம்பித் தீத்தேன். எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து கோவப்பட்டாரு. அவரு கன்னுக்குட்டியையும் யாரும் நம்பல இல்ல.

அப்பவாவது நம்பரை மாத்தியிருக்கலாம். நீங்க அப்படி நினைக்கிறது முகத்துல தெரியுது. நினைச்சேன், மாத்தலாம்னுதான் நினைச்சேன். ஆனா அந்த நேரத்துல லீலாகிட்ட கொடுத்தா, தப்பு பண்ணினதால பிடுங்கிட்டாங்கன்னு ஆயிடும்ல?

போன மாசம் ஒரு சாயங்காலம், நல்ல மழை. எங்க வீட்டுக்காரருக்கு என்ன தோணுச்சோ, நான் நனைஞ்சிடுவேன்னு குடையை எடுத்துக்கிட்டு பாக்டரிக்கு என்னைக் கூப்பிடக் கிளம்பியிருக்காரு. கல்யாணம் ஆனதுல இருந்து அந்த ஆசை அவருக்கு வந்தது அன்னைக்குத்தான். வளைவு தாண்டி சில்வர் ஓக் மரத்துக்குப் பின்னாடி கூட்டத்துல சேராத ஒரு கொம்பன் யானை நின்னுக்கிட்டிருக்கு. லீலா பாத்துட்டா. எனக்கு போன் போட்டா, நான் எடுக்கல. மறுபடி போட்டா, எடுக்கல. போன் பெட்டிக்குள்ள இருக்கு, பூட்டியிருக்கு, நான் உள்ள உட்கார்ந்து பாக்கெட் ஒட்டிக்கிட்டிருக்கேன். முதுகு வச்ச நாற்காலி, ஃபேன் சுத்துது.

அவ என்ன செய்வா? ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு மழையில ஓடியிருக்கா. தட்டிக்கிட்டே ஓடியிருக்கா. ‘அண்ணே, திரும்பு, அண்ணே, திரும்பு’ன்னு கத்தியிருக்கா. குடை மேல மழை விழுற சத்தத்துல அவருக்குக் கேக்கல. வழுக்கி வடிகால்ல விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. விழுந்த இடத்துல இருந்தும் மத்த கையால தட்டைக் கல்லுல அடிச்சிருக்கா. அந்தச் சத்தத்துல இவரு திரும்பிப் பாத்து நின்னாரு. நாலு எட்டு முன்னாடி வச்சிருந்தா கொம்பன் காலடியில போயிருப்பாரு. அது ரோட்டுக்கு வந்து நின்னு, குடையைப் பாத்துட்டு, அப்புறம் சரிவுல இறங்கிப் போயிடுச்சாம்.

நான் லாரியில வந்து இறங்கும்போது அவ கையை மடியில வச்சுக்கிட்டு டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. முகம் வெளுத்துப் போயிருந்துச்சு. என்னைப் பாத்து, ‘அக்கா, போட்டேன், நீங்க எடுக்கல’ன்னா. அங்கயே ரோட்டுல உட்கார்ந்துட்டேன். அழுதேன், எல்லாரும் பாக்க அழுதேன்.

மறுநாள் ஐசக் சார்கிட்ட போயி எல்லாத்தையும் சொன்னேன். வேலை போனா போகுதுன்னுதான் சொன்னேன். அவரு அன்னைக்குக் கொண்டு வந்த சாறு பாட்டிலை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வச்சாரு. அப்புறம், ‘இதுக்கா என் பொண்டாட்டி காலையில எந்திரிச்சு வாழைத்தண்டு நறுக்கினா?’ன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் திட்டல. ‘ஆபீஸ் மேஜை மேல ஒரு போன் சும்மாதான் கிடக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா கொடுத்திருப்பேன்’னாரு. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல டீச்சர். சுகர் டெஸ்ட் எடுக்கத் தோணுச்சு, கேக்கத் தோணல.

அப்புறம் யானை சாருங்க வந்து நம்பரை மாத்துனாங்க. ஒண்ணு லீலாவுக்கு. ஒண்ணு ஐசக் சாருக்கு, அவரா கேட்டு வாங்கிக்கிட்டாரு. ஒண்ணு எனக்கு. என் பழைய சிம்மையும் வீட்டுக்காரர் நம்பரையும் எடுத்துட்டாங்க. நான் மனசார விட்டுக் கொடுத்துட்டேன். இப்ப எனக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல. சுத்தமா இல்ல.

ஆனா இதைப் பாருங்க. நாம வந்து எவ்வளவு நேரமாச்சு? ஒரு பிளிறல் கேட்டுச்சா? ஒரு கிளை ஒடியுற சத்தம் கேட்டுச்சா? நான் இந்த மேட்டையே பாத்துக்கிட்டிருக்கேன், அதோ அங்க ரெண்டு காட்டுமாடு மேயுது, தெரியுதா? தேயிலைக்கு மேல முதுகு தெரியுதே, அதுதான். எனக்குத் தெரியும், புஷ்பலீலா அதைப் பாத்துட்டுத்தான் லைட்டைப் போட்டிருப்பா. கையில மாவுக்கட்டோட உட்கார்ந்து போட்டிருப்பா, பாவம். நான் குத்தம் சொல்லல. நல்லவ, என் தாலியைக் காப்பாத்தினவ. ஆனா மாட்டுக்கு லைட்டைப் போட்டா அங்க என் வேலை இல்ல போகுது? முதல் நாளே உங்க பேரும் கெட்டுப் போகும்.

இந்தா, போன் என் கையிலதான் இருக்கு. ஒரே ஒரு மிஸ்டு கால். லைட்டு அணைஞ்சிடும். நாம விறுவிறுன்னு நடந்தா பத்து நிமிஷம். யாரு அணைச்சதுன்னு கூட யாருக்கும் தெரியாது. மூணு பேருல யாரோ ஒருத்தர்.

என்ன டீச்சர், என் முகத்தையே பாக்குறீங்க?

இந்தாங்க. இந்த போனை நீங்க வச்சுக்கோங்க. உங்க பைக்குள்ள போடுங்க, ஜிப்பை மூடுங்க. நான் கேட்டாலும் தராதீங்க.

மணி என்ன ஆச்சு? போனைக் கொடுங்க, மணி பாத்துட்டுத் தர்றேன். சரி சரி, நீங்களே சொல்லுங்க. ஒண்ணே முக்காலா? போச்சு. மூணு மாசம் ஒரு நாள் லேட்டாப் போகல. இன்னைக்குப் பாத்து இங்க உட்கார்ந்து மைசூர்பாகு தின்னுக்கிட்டிருக்கேன்.

என்ன கேக்குறீங்க? ஐசக் சாருக்கு போன் பண்ணி லேட்டாகும்னு சொல்லலாமேன்னா?

சொல்லலாம்தான். பாருங்க, இதுவும் எனக்குத் தோணல. நீங்களே போட்டுக் கொடுங்க, ‘பேக்கிங் சார்’னு இருக்கும். பெஞ்சு மேல ஏறி நின்னாத்தான் இங்க பேச்சு தெளிவாக் கேக்கும், என் முட்டி ஏறாது. நீங்க ஏறி நின்னு ஸ்பீக்கர்ல போடுங்க.

சார், வணக்கம் சார், மரகதம் பேசுறேன். சார், நான் வர்ற வழியில பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். லைட்டு எரியுது சார், அதான் வர முடியல, லேட்டாகும். லீலா ஏதோ காட்டுமாட்டைப் பாத்துட்டு...

என்ன சார்? நீங்களா? நீங்களா போட்டீங்க?

எங்க சார், பாக்டரிக்கேவா? விறகு அடுக்குற ஷெட்டுக்கிட்டயா? எத்தனை சார்? ஆறா?

சரிங்க சார். சரிங்க. இல்ல சார், யாரையும் விட மாட்டேன். புது டீச்சர் ஒருத்தங்க வந்திருக்காங்க, அவங்களையும் உட்கார வச்சிருக்கேன். சார், ஒரு நிமிஷம். அந்த என் விஷயம்... ஓ. காலையிலயேவா சார்? கையெழுத்தே ஆயிடுச்சா? சரிங்க சார். சந்தோஷம் சார். வச்சிடுறேன்.

கேட்டீங்களா டீச்சர். வேலை கிடைச்சிடுச்சு. காலையிலயே ஆர்டர் கையெழுத்தாகி மேஜை மேல இருக்காம். வீடு போகாது. நாங்க கீழ இறங்க வேண்டியதில்ல. இனிப்பு எடுத்துக்கோங்கன்னு சொல்லலாம்னு பாத்தா, டப்பாவுல ஒண்ணுதான் இருக்கு. இதை லீலாவுக்கு வச்சிருவோம். காட்டுமாடுன்னு சொன்னதை மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க.

அப்புறம் அவரு கடைசியா ஒண்ணு சொன்னாரே, கவனிச்சீங்களா? கூட ஒரு கன்னுக்குட்டியும் நிக்குதுன்னாரே. பிறந்து ரெண்டு மூணு நாள்தான் இருக்கும்னாரே. தாய் காலுக்குள்ள நிக்குதாம். இத்தனை வருஷம் ஓடைக்கரையில குடியிருக்கேன், அவ்வளவு சின்னக் கன்னை நான் ஒரு நாளும் கண்ணால பாத்ததில்ல. இன்னைக்கு அது என் வேலை வாசல்லயே வந்து நிக்குது, நான் இங்க நிக்கிறேன். இதை நான் போயி லைன்ல சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சிரிப்பாங்க. எங்க வீட்டுக்காரர் சொன்னா இன்னும் சிரிப்பாங்க. நீங்களே சொல்லிடுங்க டீச்சர். நீங்க ஊருக்குப் புதுசு, நீங்க சொன்னா நம்புவாங்க.

ஆ, லைட்டு அணைஞ்சிடுச்சு. இல்ல, எந்திரிக்காதீங்க, பையை எடுக்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம் போகட்டும். ஐசக் சார் தங்கமான மனுஷன்தான், ஆனா இந்த வேலைக்குப் புதுசு பாருங்க. என்ன அவசரத்துல அணைச்சாரோ. நான் ஒரு தடவை நிதானமா அந்தப் பக்கம் பாத்துட்டுச் சொல்றேன், அப்புறம் போவோம். போன் மட்டும் உங்க பைக்குள்ளயே இருக்கட்டும்.